மாமாவுக்கு வந்த காய்ச்சல்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கண்ணா,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கே கரண்ட் போய், லைனும் போய்விட்டது. நீ கடைசியாகச் சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. "இந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள்மா, மலை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு ஒருத்தனுக்கு ஒருத்தன் டிமிக்கி கொடுக்கிறார்கள்." வாட்ஸாப்பில் பதில் போட்டால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம், அதுவும் தமிழில். சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது வீணாகக் கூடாது. நிறுத்தி நிறுத்திப் படி.

பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. குத்துவிளக்கு ஏற்றத் தெரிந்தவளுக்குக் குத்துச்சண்டை என்ன தெரியும் என்று உன் அப்பா கேலி செய்வார், ஆனால் தையல் ஃபேக்டரியில் வேலை செய்த காலத்தில் உன் மாமா போன கிளப்புப் பையன்கள் அத்தனை பேருக்கும் பளபளவென்று சாட்டின் நிக்கர் தைத்துக் கொடுத்தவள் நான். ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். குத்துகிறவன் பேசுவது கொஞ்சம்தான், கணக்குப் போடுகிறவன்தான் வாய் ஓயாமல் பேசுவான்.

சாம்பியன் பட்டத்துக்குக் கொடுக்கிற பெல்ட் ஒன்றா இரண்டா, பெரிய பெல்ட் என்று நாலு இருக்கிறது. நாலும் நாலு வெவ்வேறு சங்கம். ஒவ்வொரு சங்கமும் "அடுத்து நீ இவனோடுதான் மோத வேண்டும்" என்று ஓர் ஆளைக் கைகாட்டும், மோதினால் சம்பளத்தில் நூற்றுக்குச் சுமார் மூன்று என்று கட்டணமும் வாங்கிக்கொள்ளும். சண்டையை ஏற்பாடு செய்ய இவனுக்கு ஒரு புரமோட்டர், அவனுக்கு ஒரு புரமோட்டர், இவனுக்கு ஒரு டிவி, அவனுக்கு வேறு டிவி. இவ்வளவு பேர் நடுவில் உட்கார்ந்து கல்யாணம் பேசினால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சம்மதம் இருந்தால்கூட முகூர்த்தம் தள்ளித்தான் போகும். இங்கிலாந்து ஹெவிவெயிட்கள் ஃபியூரியும் ஜோஷுவாவும் 2021 ஆகஸ்ட் 14 அன்று சவூதியில் மோதுவார்கள் என்று ஃபியூரியே வீடியோ போட்டுச் சொன்னான். நீயும் டிக்கெட் விலை என்ன என்று தேட ஆரம்பித்தாய். அதற்குள் ஒப்பந்தத் தகராறு தீர்க்கிற நடுவர் ஒருத்தர், ஃபியூரி முதலில் அமெரிக்க வீரன் வைல்டரோடு மூன்றாவது தடவை மோதியே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். செப்டம்பரில் ஜோஷுவா உக்ரைன்காரன் உசிக்கிடம் தோற்றான். அவ்வளவுதான், அந்தச் சண்டையின் விலை பாதியாக இறங்கிவிட்டது. இதில் பயந்தது யார், சொல்லு?

அதற்காக நழுவுகிறவனே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ரிடிக் போவ் என்ற அமெரிக்கனை என்னால் மன்னிக்க முடியாது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் லெனாக்ஸ் லூயிஸ் அவனை அடித்து வீழ்த்தியிருந்தான். 1992இல் போவ் சாம்பியனாகிவிட்டான், அடுத்து லூயிஸோடுதான் மோத வேண்டும் என்று சங்கம் சொன்னதும் லண்டனுக்கே போய், பத்திரிகைக்காரர்கள் முன்னால் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டான். கேட்டால் சங்கத்தின் மேல் கோபமாம். அந்த இரண்டு பேரும் அப்புறம் ரிங்கில் சந்திக்கவே இல்லை.

மைக் டைசனும் லூயிஸும் மோதிய கதை இன்னும் மோசம். 1996இல் டைசன் தரப்பு லூயிஸுக்கு நாற்பது லட்சம் டாலர் கொடுத்து "கொஞ்சம் ஒதுங்கி நில்" என்றார்கள், அவனும் வாங்கிக்கொண்டு ஒதுங்கினான். ஒரு வழியாக இரண்டு பேரும் 2002 ஜூனில் மெம்பிஸில் மோதினபோது லூயிஸுக்கு 36, டைசனுக்கு 35. எட்டாவது ரவுண்டில் டைசன் மல்லாந்து கிடந்தான். ஆறிப்போன பிரியாணி. பசி எடுத்த வேளையில் போடாமல் அடுத்த நாள் சூடு பண்ணிப் போட்டால் ருசி எங்கிருந்து வரும்? எனக்கு ஆத்திரம் வருவது இந்தக் காத்திருப்பின் மேல்தான். முடியாது என்று யாரும் வாயால் சொல்வதில்லை, எதிராளிக்கு வயசாகட்டும் என்று காலத்தை ஓட்டுகிறார்கள்.

தோல் நிறத்தைச் சொல்லி நழுவியவர்களும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜாக் டெம்ப்சி என்ற வெள்ளைக்கார அமெரிக்கன் சாம்பியனாக இருந்த ஏழு வருஷமும் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பு வீரர் வாசலிலேயே நின்றார், ஒப்பந்தம் வரைக்கும் போயும் அந்தச் சண்டை நடக்கவில்லை. அதற்கு முன்னால் ஜெஃப்ரிஸ் என்ற வெள்ளைக்காரச் சாம்பியன், ஜாக் ஜான்சன் என்ற கறுப்பு வீரனுக்குப் பட்டச் சண்டையே தராமல் பட்டத்தோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டான். வேடிக்கை என்ன தெரியுமா, அந்த ஜாக் ஜான்சன் 1908இல் சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபர்டு என்ற இன்னொரு கறுப்பு வீரனுக்குப் பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை. கறுப்பனும் கறுப்பனும் மோதினால் வசூல் ஆகாது என்ற கணக்கு. கதவு தனக்குத் திறந்ததும் பின்னால் வந்தவன் முகத்தில் சாத்திவிட்டான்.

நழுவினான் என்று சொல்லிவிட முடியாத ஒருத்தனும் இருக்கிறான், அவனிடம் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். 1983 செப்டம்பரில் நம் தென்னாப்பிரிக்காவின் கெரி கூட்ஸியா அமெரிக்காவுக்குப் போய், அப்போது ஒரு சங்கத்தின் சாம்பியனாக இருந்த மைக்கேல் டோக்ஸைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் ஹெவிவெயிட் சாம்பியன். ஃபேக்டரியில் எங்களுக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. வெள்ளைக்காரன், ஆனால் நான் எல்லா நிறத்தாருக்கும் சாம்பியன் என்று பேசியவன். என் அப்பா, உன் தாத்தா, ரேடியோவை அணைத்துவிட்டார். இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை என்பதுதான் நிறவெறியை எதிர்த்தவர்களின் அப்போதைய முழக்கம், அவருக்கு அது வேதவாக்கு. சீமேன் செட்டி என்ற பழைய குத்துச்சண்டைக்காரர் காலத்து டர்பன் சண்டைகளைக் கதை கதையாகச் சொல்கிறவர், அந்த ஒரு வெற்றியைப் பற்றி மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இன்னொரு சங்கத்தின் சாம்பியனான லாரி ஹோம்ஸோடு கூட்ஸியா மோதுவதாக முடிவாகி, பணம் போடுகிறேன் என்றவர்களால் போட முடியாமல் அது நின்றுபோனது. கூட்ஸியாவோடு இங்கே வந்து மோத டேவிட் பே என்ற அமெரிக்கக் கறுப்பு வீரரைக் கூப்பிட்டார்கள். நிறவெறி நாட்டில் காலை வைக்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வரவில்லை. கிரெக் பேஜ் வந்தார், 1984 டிசம்பரில் சன் சிட்டியில் ஜெயித்துப் பட்டத்தைக் கொண்டுபோனார். டேவிட் பேயைப் பயந்தாங்கொள்ளி என்பாயா? தாத்தா அவரைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்று சொல்வார்.

சுலபமான ஆளாகப் பார்த்துப் பிடிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2001 ஏப்ரல், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து பிராக்பன். விடியுமுன்னே உன் அப்பாவும் நானும் எழுந்து டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம், நீ என் மடியில் தூங்கிப்போனாய். ஹாசிம் ரஹ்மான் எல்லாம் லூயிஸுக்கு ஒரு ஆளா என்று ஊரே பேசியது. லூயிஸே அப்படித்தான் நினைத்தான் போல, சினிமாவில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாக வந்து இறங்கினான், ஜோஹன்னஸ்பர்க் மேட்டில் மூச்சு வாங்கும் என்பதைக்கூட யோசிக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டில் ரஹ்மானின் ஒரே வலதுகைக் குத்து, லூயிஸ் விழுந்தான். அப்பா கத்திய கத்தில் நீ எழுந்து அழுதாய். 2003இல் விளாடிமிர் கிளிச்கோவுக்கு, நம் கோரி சாண்டர்ஸை லேசான ஆள் என்று தேர்ந்தெடுத்தார்கள். 37 வயசு, கோல்ஃப் மேல் பிரியம், ஆனால் இடதுகைக்காரன். இரண்டு ரவுண்டுக்குள் நாலு தடவை தரையில் தள்ளிச் சண்டையை முடித்தான். ஜோஷுவாவை ரூயிஸ் கவிழ்த்ததும் இதே வகைதான், அவன் கடைசி நேரத்தில் மாற்றாக வந்த ஆள். 2004இல் சாண்டர்ஸை விளாடிமிரின் அண்ணன் விட்டாலி அடித்துத் தம்பிக்காகக் கணக்குத் தீர்த்தான். அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே காலத்தில் சாம்பியன்கள், ஆனால் ஒருத்தனோடு ஒருத்தன் மோதவே இல்லை, அம்மாவுக்குக் கொடுத்த சத்தியமாம். இந்த ஒரு நழுவலுக்கு மட்டும் என் முழு ஆசீர்வாதம் உண்டு.

இப்போது உசிக்கைப் பார். லண்டனில் ஜோஷுவாவை ஜோஷுவா ஊர் ஜனத்தின் முன்னாலேயே ஜெயித்தான், 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை ஜெயித்தான், டிசம்பரில் திரும்ப ஜெயித்தான். நடுவில் ஒரு பெல்ட்டை விட்டுக்கொடுத்தபோது டூபுவா என்ற இங்கிலாந்துக்காரனைக் கண்டு உசிக்குக்குப் பயம் என்றுகூட எழுதினார்கள். 2025 ஜூலையில் வெம்ப்ளிக்கே போய் அதே டூபுவாவை ஐந்தாவது ரவுண்டில் படுக்கவைத்தான். ஆனால் இதையும் கவனி. லூயிஸ் காலத்தில் முக்கியம் என்றிருந்த மூன்று பெல்ட்டும் அவனிடம் இருந்தன, அதற்குப் பிறகு கால் நூற்றாண்டாக எல்லாப் பெல்ட்டும் ஒரே ஆளிடம் சேரவில்லை, சவூதிப் பணம் வந்து மேசையில் கொட்டியதும் சேர்ந்துவிட்டது. பயமாக இருந்திருந்தால் பணத்தைக் கண்டதும் எங்கே போயிற்று?

சரி, இப்போது நீ யாரிடமும் சொல்லக் கூடாத ஒன்று.

1984. உன் மாமாவுக்கு 19 வயசு, கிளப்பில் அவன்தான் ராஜா. இன்னும் இரண்டு சண்டை ஜெயித்தால் ஜோஹன்னஸ்பர்க்கில் காசு கிடைக்கிற சண்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். அடுத்த ஆளாக வந்தவன் டர்பனிலேயே மெர்பேங்க் பக்கத்துப் பையன் ஒருத்தன், ஒல்லி, இடதுகைக்காரன், பேர் யாருக்கும் தெரியாது. ஜெயித்தால் ஒரு பெருமையும் இல்லை, தோற்றால் ஜோஹன்னஸ்பர்க் போச்சு. சண்டையன்று காலையில் மாமா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அக்கா, காய்ச்சல் என்று சொல்லிவிடு" என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. நான் போய்ச் சொன்னேன். மறுபடி தேதி வைத்தார்கள், அப்போது எடை கூடிவிட்டது என்றான், அதையும் நானே போய்ச் சொன்னேன். அவனுக்கு அடி வாங்கப் பயம் கிடையாது கண்ணா, அதற்கு முன்னால் மூக்கு உடைந்தும் சிரித்துக்கொண்டு வந்தவன். கையில் இருந்ததை இழக்கப் பயந்தான். அப்புறம் அந்த ஜோஹன்னஸ்பர்க் சண்டையும் வரவில்லை, அடுத்த வருஷமே கையுறையை ஆணியில் மாட்டிவிட்டு கடை வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் டிவியில் இடதுகைக்காரன் வந்தால் எழுந்து அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போவான், நீ கவனித்திருக்க மாட்டாய்.

அந்த மெர்பேங்க் பையன் இப்போது இங்கே சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட் என்கிற சந்தையில் காய்கறி விற்கிறார். தலை முழுக்க வெள்ளை, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். நாலு வருஷமாக மடும்பிக் கிழங்கும் முருங்கைக்கீரையும் அவரிடம்தான் வாங்குகிறேன், நான் யாருடைய அக்கா என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். நேற்றும் மடும்பியை இடதுகையால் அள்ளித் தராசில் போட்டுக்கொண்டே, "என்னக்கா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்றார். "இன்னும் இல்லை" என்றேன். இரண்டு கிழங்கு கூடவே போட்டுக் கொடுத்தார்.

குளிர் அங்கே அதிகமாம், காதை மூடிக்கொண்டு போ. மாமாவுக்கு வெள்ளிக்கிழமை பிறந்தநாள், போன் பண்ணு, குத்துச்சண்டைப் பேச்சை எடுக்காதே.

அம்மா