வயர்மேன்களுக்குப் படிக்க மனமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் மின்சாரப் பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் பயிற்சிக்குப் போகச் சொன்னால் பழைய வயர்மேன்கள் முணுமுணுக்கிறார்களாம், அவர்களுக்குப் படிக்க மனமில்லையாம். சுங்கை சிப்புட்டில் 31 வருடமாக வயரிங் வேலை செய்கிறவன் நான். மூன்று ஃபேஸ் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஐயா, நாங்கள் முணுமுணுப்பது உண்மைதான். ஏன் என்று எங்களில் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

போன தடவை நான் போன பயிற்சியைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில், புதனும் வியாழனும். கட்டணம், பஸ், தங்கல் எல்லாம் சேர்த்து 800 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. இரண்டு நாள் சம்பளம் போனது தனி. ஒரு நாளைக்கு நான்கு தடவை கையெழுத்து வாங்கினார்கள். பயிற்சியாளர் திரையில் இருந்ததை வாசித்தார். கம்பியின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கரையோ, எர்த்தைச் சோதிக்கிற டெஸ்டரையோ யார் கையிலும் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்த் தாமான்களில் (குடியிருப்புகளில்) இப்போது அங்கங்கே கூரையில் சோலார் ஏறுகிறது. மெயின் சுவிட்சை அடைத்தாலும், வெயில் இருக்கும்வரை பலகையிலிருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் உள்ள கம்பியில் டி.சி. கரண்ட் இருக்கும். அந்த வீட்டில் கூரை ஒழுகுகிறது, வந்து பார் என்று கூப்பிட்டால் நான் எப்படிப் பாதுகாப்பாக வேலை செய்வது என்று கேட்டேன். "அது வேறு கோர்ஸ்" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன்.

பயிற்சி வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு முன் பக்கத்துத் தாமானிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, ஹீட்டரப் போட்டா குழாயில கை வைக்க முடியல, சுள்ளுனு இழுக்குது" என்றார். வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டி.பி. பெட்டியைத் திறந்தேன். ஹீட்டருக்கு உள்ள 10 மில்லியாம்ப் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) அதன் இடத்தில்தான் இருந்தது, ஆனால் கம்பி அதற்குள் போகவே இல்லை. பக்கத்திலேயே ஒரு துண்டுக் கம்பி போட்டு டைரக்ட்டாக ஓட்டியிருந்தது. மழை பெய்தால் ட்ரிப் ஆகிறது என்று, லைசென்ஸ் இல்லாத ஒரு பையன் 50 வெள்ளிக்குச் செய்து கொடுத்த வேலை. சரி, எர்த்தாவது இருக்கிறதா என்று வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பச்சைக் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குழாய் பிளாஸ்டிக்!

ஈரமான இடத்துக்கு 10 மில்லியாம்ப் இ.எல்.சி.பி. வேண்டும் என்று 1994 மின்சார விதிமுறைகளிலேயே இருக்கிறது. நம் வீடுகளின் எர்த், மண்ணில் அடித்த அந்த ஒரு கம்பியை நம்பித்தான் நிற்கிறது. கசிவு வந்தால் அதன் வழியாக ஓடும் கரண்ட், ஓவர்லோடுக்கு விழுகிற எம்.சி.பி. சுவிட்சை விழவைக்கும் அளவுக்கு இருக்காது, இ.எல்.சி.பி.தான் உயிரைக் காப்பாற்றும். அந்த அம்மா வீட்டுக் குளியலறையில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் தினமும் குளிக்கிறார்கள். அந்தப் பையனை யாரும் பயிற்சிக்குக் கூப்பிடுவதில்லை, அவனுக்குப் புதுப்பிக்கவும் ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததற்கும் சோதித்ததற்கும் போராங் ஜி, போராங் எச் என்ற பாரங்களில் கையெழுத்துப் போட்டு, ஏதாவது நடந்தால் பதில் சொல்லவேண்டியவர்கள் நாங்கள். அந்தக் கட்டுரையில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்றும் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. எந்த வீடு எரிந்தாலும் உங்கள் பத்திரிகையில் "மின்கசிவு" என்றே வருகிறது. ஒரே எக்ஸ்டென்ஷனில் ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் எல்லாம் சொருகி, பிளக் பாயிண்டில் திருகு லூசாகி, சூடேறி எரிவது கசிவு இல்லை. அந்த லூசை இ.எல்.சி.பி. கண்டுபிடிக்காது, எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது. கசிவு என்று படிக்கிற ஜனங்கள் இ.எல்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இதை இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்கு எழுதினேன், அந்தக் கடிதம் பத்திரிகையில் வரவில்லை. அப்புறம், "படிப்பு வராத பிள்ளைகளுக்கு வயரிங் போன்ற வேலைகள் இருக்கின்றன" என்று போன ஆண்டு எழுதியிருந்தீர்கள். என் அப்பா தோட்டத்து ஆலையில் இஞ்சின் பார்த்தவர். இரவு பத்து மணிக்கு அவர் இஞ்சினை நிறுத்தினால் தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்க இருட்டாகிவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கில், மலாய்ப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதி எழுதித்தான் நான் சோதனைக்குப் படித்தேன். அந்தப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. படிக்க மனமில்லை என்று என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை ஐயா.

உங்களிடம் நான் கேட்பது சின்ன உதவிதான். பேராவில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி எங்கே, எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம் என்று மாதம் ஒரு தடவை ஞாயிறு இதழில் நான்கு வரி போடுங்கள். எங்களுக்கு விஷயம் தெரிவதற்குள் பாதி நேரம் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிடுகிறது. ஈப்போவில் சனி ஞாயிறில் ஒன்று நடந்தால் இந்த ஊரிலிருந்து மட்டும் ஆறு பேரை என் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போகிறேன். உங்கள் கட்டுரையாளருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த வயர்மேன்,
சுங்கை சிப்புட், பேரா