ஸ்பினானைப் பார்க்க உதவிய எல்லோருக்கும் நன்றி

வணக்கம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். ஏட்டின் நன்றிப் பக்கம் பேராசிரியர்களோடு நிறைந்துவிட்டது. அதில் இடம் கிடைக்காதவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை.

நான் ஆராய்ந்தது மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகப் பயிருக்குத் தெளிக்கிறார்களே, அதே காப்பர் சல்ஃபேட். அதிலுள்ள தாமிர அணுக்களில் பாதி சங்கிலி சங்கிலியாக இணைந்திருக்கும். ஸ்பின் என்றால் அணு சுமக்கும் குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் குளிர்ந்தால் அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கப் பார்க்கும். நாங்கள் படிகத்தின் மேல் பாய்ச்சும் நியூட்ரான் ஒன்று வந்து ஒரு ஸ்பின்னைப் புரட்டினால், அந்தக் கிளர்ச்சி முழுசாக நகராது. ஆளுக்கு அரை ஸ்பின்னை எடுத்துக்கொண்டு இரண்டு ஸ்பினான்களாகப் பிரிந்து போய்விடும். இந்தச் சங்கிலியின் கணக்குக்கு 1931இல் இயற்பியலாளர் பெத்தே தீர்வு கண்டார். கிளர்ச்சி இப்படிப் பாதியாகப் பிரிவதை 1981இல் ஃபதேயேவும் தக்தாஜனும் காட்டினார்கள். மயில்துத்தத்தில் இதைத் துல்லியமாக அளந்த கட்டுரை 2013இல் வந்தது. அந்தச் சங்கிலியைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

முதல் நன்றி எங்கள் படிக வளர்ப்புக் கூடத்து அக்காவுக்கு. கடையில் வாங்கும் துத்தம் இதற்கு உதவாது. ஒவ்வொரு தாமிர அணுவுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு; அவற்றின் ஹைட்ரஜன், நியூட்ரான்களை எல்லாப் பக்கமும் சிதறடித்து நமக்கு வேண்டிய சிக்னலை மூழ்கடித்துவிடும். அதனால் நீர் நீக்கிய பொடியைக் கனநீரில் கரைத்து, உலர்த்தி, மறுபடியும் கரைத்து, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியத்தை ஏற்ற வேண்டும். அப்புறம் மூடிய கலத்தில் வெப்பநிலையைத் துளித்துளியாக இறக்க வேண்டும். நடுவில் திறந்தால் காற்றின் ஈரம் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். விதைப் படிகத்தை நைலான் இழையில் கட்டும் முடிச்சைக்கூட அக்கா லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பார். முடிச்சு பெரிதானால் அதிலிருந்தே வேறொரு படிகம் முளைக்குமாம். அவர் வளர்த்துத் தந்தது கட்டைவிரல் அளவில், அடர்நீலத்தில், உள்ளே ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் “படிகம் வளர்க்கப்பட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது நியாயமே இல்லை.

மும்பை ட்ராம்பேயில் துருவா அணு ஆராய்ச்சி உலையில் படிகத்தைச் சோதித்து, அச்சுகளைக் குறித்துத் தந்த நண்பர்களுக்கும் நன்றி.

பிரான்சின் கிரெனோபிளில், நியூட்ரான் ஆய்வு நடக்கும் லாவே-லாங்கெவின் நிறுவனத்தின் தாழ்வெப்பப் பிரிவில் ஒரு தொழில்நுட்பர் இருக்கிறார். வெற்றிடத்தில் வைத்தால் என் படிகம் நீரை இழந்து வெளுத்துவிடும் என்றேன். பேசாமல் எழுந்து போனவர், மூடி இறுகிய சிறு செப்புக் குப்பியோடு திரும்பினார். படிகத்தை அதில் வைத்து, ஹீலியம் நிரப்பி அடைத்தார். ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பு 0.25 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 3 கெல்வின்தான் (மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்). அதற்கு வெகு கீழே, 0.1 கெல்வினுக்கு இறக்கினால்தான் ஸ்பினான்கள் தெளிவாகத் தெரியும். அவர் இறக்கிக் காட்டினார்.

5 டெஸ்லா காந்தப் புலத்தில் எல்லா ஸ்பின்களும் ஒரே பக்கம் திரும்பி நிற்க, திரையில் மெல்லிய ஒற்றைக் கோடு வந்தது; அப்போது கிளர்ச்சி பிரியாமல் முழுசாகவே நகர்கிறது. புலத்தை எடுத்ததும் கோடு போய், அகன்ற பரப்பு ஒன்று விரிந்தது; கிளர்ச்சி ஸ்பினான்களாகப் பிரிவதன் அடையாளம் அது. என்னோடு கண்விழித்த கருவி விஞ்ஞானி, “கீழ் விளிம்பைப் பார், எவ்வளவு கூர்மை!” என்று கத்தியேவிட்டார். வெப்பம் ஏற ஏற அந்த விளிம்பு மங்குவதை அடுத்தடுத்த இரவுகளில் சேர்ந்தே அளந்தோம்.

அந்தப் பரப்பில் இரண்டு ஸ்பினான்களின் பங்கு சுமார் 73%. நான்கு ஸ்பினான்களாகப் பிரிவதையும் சேர்த்தால் சுமார் 98%. 2006இல் கோவும் ஹாகெமான்ஸும் போட்ட கணக்கு இது. அதை என் தரவோடு வைத்துப் பார்க்கும்படி நிரல் எழுதித் தந்த தோழிக்கு மிக்க நன்றி. நான் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தும் கோபிக்காத வீட்டாருக்கும்தான்.

லாவே-லாங்கெவின் நிறுவனத்தின் விதிப்படி மூன்று ஆண்டுகளில் தரவு பொதுவெளிக்கு வந்துவிடும். அதுவரை காத்திருக்க வேண்டாம். கேட்பவர்களுக்கு இப்போதே தருகிறேன். படிகமும் மூடிய குப்பியில் நல்ல நிலையில் இருக்கிறது. வேண்டுபவர்கள் எழுதுங்கள், அக்காவிடம் கேட்டு அனுப்பி வைக்கிறேன்.