நிர்வாகத்தை நம்பச் சொல்லும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் ஆடும் நம் சென்னையின் எஃப்சி அணியின் நிர்வாகத்தை விமர்சிப்பவர்கள் வெற்றியில் மட்டும் கூட வருகிறவர்கள், கஷ்டகாலத்தில் அணியைக் கைவிடுகிறவர்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். கடைசி இடத்தில் கிடந்து கோப்பையைத் தூக்கிய அணி இது என்பதையும், உரிமையாளர்கள் ஆண்டுதோறும் கைக்காசைப் போட்டுத்தான் இதை நடத்துகிறார்கள் என்பதையும், அவர்களும் சலித்துப்போய் விலகிவிட்டால் இல்லாமலே போன சென்னை சிட்டி கழகத்துக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும் என்பதையும் அடுக்கிவிட்டு, ஆகவே வாயை மூடிக்கொண்டு நம்புவதே ரசிகனின் வேலை என்று முடித்திருந்தீர்கள். அடுக்கியவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. அந்த 'ஆகவே' மட்டும்தான் எனக்கு ஒப்புதலாக இல்லை. நீலச் சட்டை போட்ட எல்லோரும் உங்களைத் தட்டிக்கொடுக்கும் நேரத்தில் இதைத் தனியாகச் சொல்வதைவிடப் பொதுவில் எழுதுவதே நேர்மை என்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

முதலில் 2015. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்த அணி கடைசி லீக் ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்ததால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியிருந்தது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 90 நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்து, எதிரணிக் கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்தக் கோலாலும் மென்டோசாவின் கடைசி நேரக் கோலாலும் 3-2 என்று வென்றோம். அதை மறக்க யாராலும் முடியாது. ஆனால் அந்தக் காலத்து ஐஎஸ்எல் எப்படி இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். எட்டே அணிகள், அதில் பாதி அணிகளுக்கு அரையிறுதி வாய்ப்பு, மொத்தத் தொடரும் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். ஒரு மாதம் நன்றாக ஆடினால் கோப்பையே கைக்கு வரும். பயிற்சியாளர் மெட்டராஸியின் அதட்டலும் மென்டோசாவின் 13 கோல்களும் அந்த ஒரு மாதத்துக்குப் போதுமானவையாக இருந்தன. 2024-25 சீசனிலோ 13 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 24 லீக் ஆட்டங்கள், செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை இழுக்கிற தொடர். இப்படிப்பட்ட தொடரில் கடைசி மாத வேகத்தை நம்பி யாரும் அணி கட்டுவதில்லை. 2015-ஐக் காட்டி இன்று பொறுமை கேட்பது பொருந்தாத கணக்கு.

2018-க்கும் இது பொருந்தும், வேறு விதமாக. பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் அணி இறுதி ஆட்டத்தில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்திலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்தியது. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் கோல் போட்டபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள், கார்னரில் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டியதைப் பார்த்தபிறகு எழுந்து நின்றுவிட்டார்கள். அடுத்த சீசனில் அதே சாம்பியன் அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன், 9 புள்ளிகளுடன், பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் நின்றது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கோப்பைக்கு அந்த 2018 வெற்றியால் கிடைத்த வாய்ப்பில், 2019-இல் நம் 'சொந்த மண்' ஆட்டங்கள் அகமதாபாதில் நடந்தன. ஆசிய அரங்கில் முதல்முறையாக ஆடுகிற அணியைச் சென்னைக்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சென்னை நேரு ஸ்டேடியம் அரசுக்குச் சொந்தமானது, கழகத்துக்கு அல்ல என்பது தெரியும். பழி முழுவதையும் நிர்வாகத்தின் தலையில் போட மாட்டேன். ஆனால் ஆசியப் போட்டி வரப்போகிறது என்பது 2018 மார்ச்சிலேயே தெரிந்த செய்தி.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் 2020-இல்தான் தொடங்குகிறது, தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தரப்பு இந்த ஆண்டைத்தான் அடிக்கடி பெருமையாகக் காட்டுகிறது. 2019-20 சீசனில் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி என்ற நிலையில் கிரிகரி விலகினார். 2019 டிசம்பரில் பயிற்சியாளராக ஓவன் கோய்ல் வந்தார். அதே வீரர்களை வைத்துக்கொண்டு, பந்தை முன்னால் நகர்த்தி ஆடச் சொல்லி, கிரிவெல்லாரோவுக்கு நடுவில் இடம் கொடுத்து, வால்ஸ்கிஸை அந்தத் தொடரிலேயே அதிகமாகக் கோல் போட்டவர்களில் ஒருவராக்கி, நான்காம் இடத்தில் லீக்கை முடித்தார். அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று தாண்டினோம். கொரோனாவால் ஆளில்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று இறுதியில் தோற்றோம். தோற்றாலும், வெகுநாளுக்குப் பிறகு 'இந்த அணிக்கு ஒரு ஆட்டமுறை இருக்கிறது' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சீசன் அது.

அடுத்து என்ன நடந்தது? கோய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். 2021-22-இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணிக்கான ஷீல்டை ஜம்ஷெட்பூர் வாங்கியது, கோய்லின் பயிற்சியில். நமக்கோ 2020-21-இல் 20 ஆட்டங்களில் 17 கோல்கள், 11 டிராக்கள். கோய்ல் போனதற்குக் காரணம் பணமாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். சரியான ஆளைக் கண்டுபிடித்தபிறகு அவரைத் தக்கவைத்துக்கொள்வதைத் தவிர ஒரு கால்பந்து நிர்வாகத்துக்கு வேறு என்ன பெரிய வேலை இருக்கிறது? பிறகு வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்தார், கோய்ல் 2023-இல் திரும்பி வந்தார். வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டுக்கு வாடகைக்குப் போவதுபோல இருந்தது. திரும்பி வந்த கோய்ல் முதல் சீசனில் ஆறாம் இடம் பிடித்து பிளேஆஃப் வரை கூட்டிப்போனார், அடுத்த சீசனில் 13 அணிகளில் பதினோராவது இடம், 2025 கோடையில் விலகல். இரண்டாம் வருகையில் அவர் கையில் இருந்தது 2020-இன் அணி அல்ல.

இடைப்பட்ட ஆண்டுகளைப் பாருங்கள். பயிற்சியாளர் சபா லாஸ்லோவின் கீழ் எட்டாம் இடம். பாண்டோவிச் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் நீக்கப்பட்டு, நம் ஊர் சபீர் பாஷா இடைக்காலப் பயிற்சியாளராக மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்ட சீசனிலும் எட்டாம் இடம். பிர்டாரிச்சின் சீசனிலும் எட்டாம் இடம். தொடர்ந்து மூன்று முறை எட்டு என்பதைத் துரதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது ஒரு சௌகரியமான இடமாகத் தெரிகிறது. அந்த ஆண்டுகளில் ஐஎஸ்எல்லில் தரமிறக்கம் இருக்கவில்லை. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ பட்டியலின் அடியில் நின்றால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவார்கள். ஒளிபரப்பு வருமானம் போகும், வீரர்கள் போவார்கள், நிர்வாகி வேலையை இழப்பார். இங்கே எட்டாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் தண்டனை ஒன்றும் இருக்கவில்லை. மேலிருந்து அழுத்தம் வராத அமைப்பில் கீழிருந்து வரும் கேள்வி மட்டும்தான் மிச்சம். அதையும் விசுவாசத்தின் பெயரால் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

கைக்காசு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் தோனியும் 2014-இல் கை வைத்தபோது இந்திய உள்நாட்டுக் கால்பந்து லாபம் தரும் தொழில் அல்ல, இன்றும் அல்ல. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டதற்கும் நம் நிர்வாகம் காரணமல்ல. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தொடரை நடத்திய எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இடையே இருந்த, 2010-இல் தொடங்கிய 15 ஆண்டு உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியப்போகிறது என்பது இரு தரப்புக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். கடைசி வரை இழுத்தடித்தார்கள். அடுத்த சீசன் உண்டா இல்லையா என்றே தெரியாமல் எந்தக் கழகம் சம்பளம் கொடுக்கும்? ஆகஸ்டில் பெங்களூருவைத் தொடர்ந்து சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, அவர்களைத் திட்டியவர்களோடு நான் சேரவில்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் 2025-இன் நெருக்கடியைக் காட்டி 2020 முதல் 2025 வரையிலான முடிவுகளுக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்பதும் நியாயமில்லை. அந்த ஐந்தாண்டுகளில் தொடர் நின்றுவிடவில்லை; பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்ததும் அனுப்பியதும், அனிருத் தாபா போன்ற அணித்தலைவர் 2023-இல் மோகன் பகானுக்குப் போனதும் கழகத்தின் கையில் இருந்த விஷயங்கள்தாம்.

சென்னை சிட்டியைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் அது உங்களுக்குச் சாதகமானது அல்ல. 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வாவை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கிய அணி, சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகமே பங்கு வாங்கிய அணி, 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. ரசிகர்கள் கேள்வி கேட்டுத் துரத்தியதால் அது மறையவில்லை. பெட்ரோ மான்சியின் கோல்களைக் கொண்டாடிய நாம் எல்லோரும், அந்தக் கழகத்தின் கணக்கு வழக்கு எப்படி இருக்கிறது, இளைஞர் அணிகள் எங்கே ஆடுகின்றன என்றெல்லாம் கேட்கிற கூட்டமாக இருக்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். மௌனம் அதைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்று, உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லாத விஷயம். 2018 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிராக இரண்டாவது கோலைப் போட்டவர் தன்பால் கணேஷ், வியாசர்பாடிக்காரர். அன்று எழுந்த சத்தம் வேறு யாருடைய கோலுக்கும் எழுந்ததில்லை. பிறகு காயங்கள் அவரைப் பின்னுக்கு இழுத்துவிட்டன, அதற்கு யாரும் பொறுப்பல்ல. ஆனால் அவரைப் போன்றவர்களின் வரிசை எங்கே? இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் பெயர் வாங்கி, ஜம்ஷெட்பூர் போய், 2020 இறுதியில் நம்மைத் தோற்கடித்த ஏடிகே அணியில் இருந்தார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசா அணியில் ஆடி வளர்ந்து, 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக வெற்றிக் கோல் போட்டு அந்த ஊரின் செல்லப்பிள்ளையானார். எட்வின் வான்ஸ்பால் போலச் சிலர் நம் சட்டையையும் அணிந்தார்கள், உண்மை. இருந்தாலும், வடசென்னையிலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் திறமை கொட்டிக் கிடக்கும்போது, அதை முதலில் கண்டுபிடிக்கிறவர் ஏன் எப்போதும் வேறொருவராக இருக்கிறார் என்ற கேள்விக்கு மட்டும், நிர்வாகத்தை நம்புங்கள் என்பது பதிலாகாது. வெளிநாட்டு ஸ்டிரைக்கருக்குப் பணம் இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். வியாசர்பாடிக்குப் போக பஸ் டிக்கெட்டே போதும்.

மைதானத்தைப் புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலி நாற்காலிகளைக் காட்டி 'இந்த ஊருக்குக் கால்பந்தே வேண்டாம்' என்று சொல்லச் சிலர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கேரளத்தில் நடந்ததைக் கவனித்தீர்களா? 2024 டிசம்பரில் தோல்விகள் தொடர்ந்தபோது மஞ்சப்படை ரசிகர்கள் பிளாஸ்டர்ஸ் நிர்வாகத்துக்கு எதிராக வெளிப்படையாகவே நின்றார்கள், டிக்கெட் விற்பனையில் ஒத்துழைக்க மறுத்தார்கள். அடுத்த மாதமே அந்தக் கழகம் ரசிகர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அறிவித்தது. அந்தக் குழு எவ்வளவு சாதிக்கும் என்பது வேறு விஷயம். நம்மைவிடப் பல மடங்கு கூட்டம் கூடுகிற ஊரில், மஞ்சள் சட்டைக்காக எதையும் விட்டுக்கொடுக்கிறவர்களே கேள்வி கேட்டார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அவர்களை யாரும் போலி ரசிகர்கள் என்று சொல்லவில்லை. அவர்களை ஒவ்வோர் ஆண்டும் மைதானத்தில் வசைபாடும் நாம் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துக் கற்கலாம் என்றால் உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற நம் இரு ரசிகர் குழுக்களிலும் உங்களுக்கு நண்பர்கள் உண்டு. என் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உங்கள் பேச்சைக் கேட்பார்கள். நிர்வாகத்துக்கு நாம் கூட்டாக ஒரு கடிதம் அனுப்பலாம். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பயிற்சியாளரிடமா, அவர் போனாலும் இருக்கப்போகிற வேறொருவரிடமா. அணியில் நிலைத்துவிட்ட இந்திய வீரர்களின் ஒப்பந்தங்கள் எந்த ஆண்டு வரை. இளைஞர் அணியிலிருந்து அடுத்த இரண்டு சீசனில் எத்தனை பேரை மூத்த அணிக்குக் கொண்டுவருவது என்பது இலக்கு. சீசன் முடிந்ததும் ரசிகர்களை ஒருமுறை நேரில் சந்தித்துப் பேச முடியுமா. இவ்வளவுதான். இதில் ஒன்றுகூடப் பணம் கேட்கிற கேள்வி இல்லை, உரிமையாளர்களை அவமதிக்கிற கேள்வியும் இல்லை. நேர்மையான பதில்கள் வந்தால், தோற்றுக்கொண்டே இருந்தாலும் இன்னும் சில சீசன் பொறுத்துக்கொள்ள நான் தயார். அதை உங்கள் பதிவின் கீழேயே எழுதித் தருகிறேன். வரைவு என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன், காட்டமாகத் தெரியும் இடங்களை வெட்டிவிட்டு, முதல் கையெழுத்தை நீங்களே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்