எங்கள் கோரிக்கைக்குத் துணைநின்ற சுங்கை சிப்புட் அன்பர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2021-ஆம் ஆண்டு கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட சில வாரங்களில் கால்கள் மரத்து, கில்லன்-பாரே நோயால் நெடுநாள் மருத்துவமனையில் இருந்த என் கணவருக்காக நாங்கள் சமர்ப்பித்த இழப்பீட்டுக் கோரிக்கை, மலேசிய அரசாங்கத்தின் சிறப்பு நிதியுதவித் திட்டத்தின்கீழ் ஏற்கப்பட்டு முடிவுக்கு வந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி எங்கள் தோட்டத்து கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கும் டிரஸ்ஸர் ஐயாவுக்கு உரியது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் நரம்புகளையே தாக்குவதால் உண்டாகும் இந்நோய், வயிற்றுப்போக்கு போன்ற கிருமித்தொற்றுக்குப் பிறகும் வரக்கூடியது. அதனால், ஊசிக்குப் பின் வந்தது என்று காட்டுவது மட்டும் கோரிக்கையை ஆராயும் நிபுணர் குழுவுக்குப் போதாது. கால் மரக்கத் தொடங்கிய நாளையும், அதற்கு முன் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கவில்லை என்பதையும் ஐயா அன்றைக்கே கிளினிக் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். எங்கள் கோப்பில் இருந்த தாள்களிலேயே வலுவானது அந்தப் பக்கத்தின் நகல்தான் என நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டணம் வாங்காமல் வழிகாட்டிய ஈப்போ வழக்கறிஞர் அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வேன்! வழக்குத் தொடுத்தால் யாரோ ஒருவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் என்றும், நட்மா எனும் தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பின் பொறுப்பில் இருந்த இந்த நிதியுதவித் திட்டத்தில் தடுப்பூசிக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பே ஆராயப்படும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நிரந்தர உடற்குறைக்கும் மரணத்துக்கும் 500,000 ரிங்கிட், நீண்ட மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்ட கடும் பாதிப்புக்கு 50,000 ரிங்கிட் வரை என்று அரசாங்கம் 2021-இல் அறிவித்திருந்தது. என் கணவர் மீண்டும் நடக்கத் தொடங்கியிருந்ததால், குறைந்த தொகையைக் கோருவதே நேர்மை என்றார் அம்மையார். உறவினர் சிலருக்கு அதில் வருத்தம். நான் இன்றும் அம்மையார் பக்கமே நிற்கிறேன்.

மலாய்க் கடிதங்களை எழுதித் திருத்தித் தந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும், நான் மருத்துவமனையில் தங்கிய நாள்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்காமாருக்கும், குனிந்து நிமிர வேண்டாத வேலையை என் கணவருக்கு ஒதுக்கித் தந்த தோட்ட மேற்பார்வையாளரான மண்டோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது மிக அரிதானது என்று மருத்துவர்கள் தெளிவாகவே கூறினார்கள். இதைக் காட்டி யாரும் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம் என என் கணவரும் கேட்டுக்கொள்கிறார். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் போடும் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் கோப்பின் நகல் ஆசிரியரிடம் உள்ளது. இதே நிலையில் உள்ள குடும்பங்கள் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
ஒரு செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் மனைவி,
சுங்கை சிப்புட், பேராக்