மீனாவுக்கு, அந்த 45 பற்றி

அன்புள்ள மீனா,

நேற்றும் நீ போன் எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும், சரி. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாம்பலம் வீட்டுக்கு ஒருவழியாக வெள்ளையடித்தாயிற்று. அப்புறம், உன் குரோமோசோம் டெஸ்ட் ரிப்போர்ட்டை மாப்பிள்ளை வாட்ஸப்பில் அனுப்பினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டு வாங்கினேன்.

46 குரோமோசோம் இருக்கவேண்டிய இடத்தில் 45 என்று பார்த்ததும் ஏதோ ஒன்று குறைந்து பிறந்துவிட்டோம் என்று உட்கார்ந்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அந்த வரியை முழுசாகப் படி. 13-ஆம் நம்பர் குரோமோசோமில் ஒன்றும் 14-ஆம் நம்பரில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, இரண்டு புத்தகத்தை ஒரே அட்டைக்குள் பைண்டு பண்ணினாற்போல. எண்ணினால் ஒன்று குறையும், உள்ளே விஷயம் எல்லாம் இருக்கும். இரண்டின் குட்டைக் கைகள், அதாவது நுனியில் இருக்கிற சின்னத் துண்டுகள், மட்டும் போயிருக்கும், அதில் முக்கியமான ஜீன்களுக்கு 15, 21, 22-லும் நகல்கள் உண்டு. ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்று பெயர், சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும், அதிலும் இந்த 13-14 ஜோடிதான் அதிகம்.

நான் லேபில் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கிடையாது. ரத்தத்தை மூன்று நாள் 37 டிகிரியில் வளர்த்து, செல் பிரிகிற நேரத்தில் கோல்சிசின் விட்டு நிறுத்தி, ஜிம்சா சாயம் ஏற்றிப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரித்து ஜோடி ஜோடியாக அட்டையில் ஒட்டுவோம். பசை காய்வதற்குள் தலைகீழாக ஒட்டியதைத் திருப்ப வேண்டும். அப்படி ஒட்டி உன் மாதிரி 45 வந்தவர்கள் எல்லாம் நல்லபடி நடமாடி, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றவர்கள்தான். அந்த 46-ஐயே 1956-ல்தான் ஜோ ஹின் சியோ, லெவான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எண்ணி உறுதி செய்தார்கள், அதுவரை 48 என்றுதான் பாடத்தில் இருந்தது. எண்ணைப் பார்த்து மிரளாதே.

இரண்டு தடவை கரு கலைந்ததற்குப் பெரியம்மா பப்பாளி என்கிறாள், உன் மாமியார் ஸ்கூட்டர் என்கிறார். இரண்டும் இல்லை, நீ செய்த எதுவும் இல்லை. முட்டை உருவாகும்போது ஒட்டின அந்த ஜோடி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம். ஆறு விதமாகப் பிரியலாம்: ஒன்றில் எல்லாம் சாதாரணம், ஒன்றில் குழந்தை உன்னைப்போலவே 45-ஓடு நலமாக இருக்கும், மற்ற நான்கில் 13-ஓ 14-ஓ கூடியோ குறைந்தோ போகும். ஆறும் சமமாக வருவதில்லை, முதல் இரண்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம். மற்றவை பெரும்பாலும் ஆரம்ப வாரங்களிலேயே கலைந்துவிடும். நீ ஒன்றும் செய்யவில்லை மீனா, திரும்பவும் சொல்கிறேன்.

எட்டு வயதில் என் லேபுக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, இது கால், இது கை என்று காட்டினவள் நீ. அவ்வளவு கெட்டிக்காரி, இரண்டாவது தடவை எனக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்திருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் எதற்கு இருக்கிறேன்?

இது புதிதாகவும் வரும், பெற்றவர்களிடமிருந்தும் வரும். உன் அண்ணனுக்கு முன்னால் எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை நானும் அப்பாவும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். என்னிடமிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அண்ணனும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவனிடம் நானே பேசுகிறேன், உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது ஜெனடிக் கவுன்சிலரைக் கேள். தானாகக் கரு நின்றால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரம்போல் பனிக்குட நீரிலோ பார்க்கலாம். ஐவிஎஃப் என்றால் கருவை வைப்பதற்கு முன்பே பார்க்கலாம். 14 சம்பந்தப்பட்டிருப்பதால் குழந்தையின் 14-ஆம் குரோமோசோம் இரண்டு பிரதியும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல், அவர்கள் மறந்தாலும் நீ கேள். வேளைக்குச் சாப்பிடு. ஃபோலிக் ஆசிட்டை நிறுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேள், போதும். டிக்கெட் போடச் சொன்னால் அடுத்த நாளே புனேவுக்கு வருகிறேன்.

அம்மா