பத்தமடையில் ஒரு முற்பகல்

அன்புள்ள கோமதிக்கு,

நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற செய்தி கண்டு மகிழ்ந்தேன். சென்ற வாரம் சேரன்மகாதேவிக்கு ஒரு திருமணத்துக்குப் போன நான், அருகிலுள்ள பத்தமடைக்கும் போய்வந்தேன். உன் கல்யாணத்துக்கு உங்கள் இருவர் பெயரையும் வைத்து நெய்து வாங்கிய பாய் அந்த ஊருடையதுதானே?

நான் போன வீட்டில் முன்னறைதான் தறிக்கூடம். தரையையொட்டிப் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டியிருந்தார்கள். குறுக்கே போட்ட பலகையில் அமர்ந்த பெண், கோரையை நீளக் குச்சியின் நுனியில் மாட்டி ஊடே செலுத்தி, அச்சுக் கட்டையை இழுத்து அடித்து நெருக்கி, நெய்த பாகம் வளர வளரத் தானும் பலகையோடு நகர்ந்துகொண்டிருந்தார். வாசல் வெளிச்சத்தை நம்பித்தான் வேலை என்பது தெரியாமல் நான் நிலைப்படியில் நின்றுவிட்டேன். “உள்ள வந்து உக்காருங்கம்மா, இழை தெரியல” என்றார்.

தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையாகக் கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, தண்டின் உள்ளிருக்கும் மென்மையான சோற்றுப் பகுதியைக் கத்தியால் வழித்தெடுத்து, இன்னும் மெல்லிதாகக் கிழித்த பிறகே அது தறிக்கு வருகிறது. பருத்திப் பாவில் நெய்த மெல்லிய பாய் ஒன்றைக் கையில் கொடுத்தார், துணியைப்போல மடிந்தது.

உலை கொதித்தால் எழுந்து போகிறார், பிள்ளைக்குத் தலைவாரிவிட எழுந்து போகிறார். திரும்பி வந்து ஈரத்துணியில் சுற்றிவைத்த கோரையை எடுத்துக்கொண்டு விட்ட இடத்தில் தொடர்கிறார். கூலியோ பாய்க் கணக்கில்தான். எத்தனை மணி நேரம் ஆனது என்று எவரும் கேட்பதில்லை. இதைப் பார்த்துவிட்டு ‘ஓய்வு நேரத் தொழில்’ என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வந்தது. காலை நீட்டக்கூட நேரமில்லாமல் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அவருக்கு எது ஓய்வு?

1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் போன பாயைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் பெரியவங்க காலம். எனக்கு இந்தக் கல்யாணப் பாய் வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும்” என்று சிரித்தார். மணமகளின் பெயர் சிவப்புக் கோரையில் பாதி எழும்பியிருந்தது. ஓர் எழுத்தின் வளைவு பிசகியதால் நான்கைந்து கோரைகளை உருவியெடுத்துவிட்டு, மீண்டும் எண்ணத் தொடங்கினார். நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் பாய் பரணில்தான் கிடக்கிறதா? எடுத்து வெயிலில் காட்டிவிட்டு, பெயர் அழியாமல் இருக்கிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
வளர்மதி