நள்ளிரவில் பேய் தேடி வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குளச்சல் கடற்கரைக்கும் உதயகிரிக் கோட்டைப் பக்கமும் கேமராவோடு வந்துபோகிற தம்பி தங்கைகளே,

வணக்கம். நீங்கள் போட்ட வீடியோக்கள் சிலவற்றை என் மகளின் போனில் பார்த்தேன். ‘டச்சுக்காரன் ஆவி’ என்று ஒன்று, ‘தலையில்லாத சிப்பாய்’ என்று இன்னொன்று. டார்ச் வெளிச்சம் ஆடுகிறது, ஓடுகிறீர்கள், மூச்சு வாங்குகிறது, எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய அலறல் கேட்கிறது. ஒரு வீடியோவில் பொழுது மங்கிய நேரத்தில் ஒரு பையன் கல்லறை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “யாராவது இருந்தால் ஒரு சத்தம் கொடு” என்று கூப்பிடுகிறான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பேய் உண்டா இல்லையா என்று உங்களோடு வாதாட வரவில்லை. பழைய போர்க்களத்தைப் பார்க்க ஆசைப்படுவதும் நல்ல ஆசைதான். ஆனால் இங்கே செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது, சிலருக்கு அழ இன்னமும் ஆள் இருக்கிறது. அவர்களைப் பூச்சாண்டியாக்கி விற்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் பையன் உட்கார்ந்த கல்லைப் பற்றி முதலில் சொல்கிறேன். தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரை இல்லாமல் நிற்கிற சிறிய தேவாலயத்தில் டிலனாய் புதைக்கப்பட்டிருக்கிறார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு குளச்சலுக்கு வந்து, 1741 போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர். பிடிபட்டவரை ராஜா கொல்லவில்லை. தன் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் சொன்னார். கைதியாக வந்த மனிதர் திருவிதாங்கூரின் பெரிய தளபதியாகி, கோட்டைகளைப் பலப்படுத்தி, பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார். தில்லானைக் கோட்டை என்றே அந்தக் கோட்டைக்கு ஒரு பெயர் இருந்தது.

கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ‘வழிப்போக்கனே, நில்’ என்று தொடங்குகிறது லத்தீன் வாசகம். ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசனுக்கு விசுவாசமாக உழைத்தவர், 62 வயதும் 5 மாதமும் வாழ்ந்தவர், 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்று சொல்லி, அமைதியில் இளைப்பாறட்டும் என்று முடிகிறது. மனைவியும், இளவயதிலேயே போரில் செத்த மகனும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ஒரு தகப்பன், தாய், பிள்ளை. அந்த எழுத்து ஏற்கெனவே தேய்ந்துகொண்டு வருகிறது. ஒவ்வொரு செருப்புக் காலும் அதை இன்னும் கொஞ்சம் தேய்க்கும். அந்தக் கல் உங்களை நிற்கத்தான் சொல்கிறது தம்பி, ஏறி உட்காரச் சொல்லவில்லை.

சரி, குளச்சலுக்கு வருவோம். மிளகுக்காக நடந்த சண்டை அது. மிளகு விளைகிற சின்னச் சின்ன நாடுகளை மார்த்தாண்ட வர்மா ஒவ்வொன்றாகப் பிடிக்க, வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்று டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து படை கொண்டுவந்து குளச்சலில் இறக்கினார்கள். ஊர் மீனவர்களைத் துடுப்பும் தோளுமாகக் கரையில் வரிசையாக நிற்க வைத்தார்கள் என்றும், கப்பலில் இருந்தவர்கள் அதைப் பெரிய துப்பாக்கிப் படை என்று நினைத்துவிட்டார்கள் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். முற்றுகையின்போது திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று டச்சு முகாமின் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து, பற்றிய தீயில் அரிசி முழுவதும் கருகிப்போனது. சோற்றுக்கு வழியில்லாமல்தான் சரணடைந்தார்கள். ஒரு ஐரோப்பிய வல்லரசை இந்திய அரசன் ஒருவன் மண்டியிட வைத்த கடற்கரை இது. வெற்றித்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. உங்கள் வீடியோ எதிலும் அது வரவில்லை. இருட்டில் எப்படித் தெரியும்?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் ‘ஆவிகளின் குரல்’ பதிவு செய்கிற அதே கரையில் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்தது. குளச்சலிலும் பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். ஓடித் தப்பப் பார்த்தவர்களுக்குப் பின்னால் கடலோரமாக வெட்டிய பழைய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்ட வர்மா) கால்வாய் குறுக்கே கிடந்தது. அதில் விழுந்து போனவர்கள் பலர். கிடைத்த உடல்களை மொத்தமாகக் குழியில் அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாமார் அந்தத் தெருக்களில் இப்போதும் மீன் விற்கிறார்கள், வலை கட்டுகிற வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, “கடலில் செத்தவர்களே, வாருங்கள்” என்று கத்துகிறீர்கள். உள்ளே படுத்திருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். டச்சுக்காரனைத்தான் கூப்பிட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். அவளுக்கு அது அப்படிக் கேட்காது.

செத்தவர்களை நினைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிற மண் இது. வெட்டுப்பட்டுச் செத்தவர், வஞ்சகத்தால் செத்தவர், வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் என்று அகாலமாகப் போனவர்களுக்கு இங்கே பீடம் கட்டுகிறோம். கொடை என்கிற கோயில் விழா நாளில் படையல் போட்டு, வில்லுப்பாட்டு வைத்து, அவர்கள் பிறந்த கதை முதல் செத்த கதை வரை விடிய விடியப் பாடுகிறோம். அவர்களுக்கு நடந்த அநியாயத்தை ஊரே உட்கார்ந்து கேட்கிறது. கேட்டால்தான் கோபம் ஆறும் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படி அகாலமாகச் செத்துத் தெய்வமானவள் என்று சொல்லப்படுகிற முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பயந்து ஓடுகிறவர்கள் யாரும் இல்லை, பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

உங்கள் ‘தலையில்லாத சிப்பாய்’ எந்தக் களத்திலிருந்து வந்தான் என்று தெரியவில்லை. ஆனால் தலை போன ஒரு வீரனின் உண்மையான கதை இந்த மாவட்டத்தில் இருக்கிறது. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில், 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் படையோடு மோதிச் செத்த வேணாட்டின் (திருவிதாங்கூரின் பழைய பெயர்) தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை. கெட்ட கனவு கண்டு, போகாதே என்று வீட்டுப் பெண்கள் தடுத்தும் போனவர். கூட இருந்தவர்களே கைவிட்டதால் களத்தில் தனித்துப்போய், வெட்டுண்டு, தலை எதிரி பாசறைக்குப் போனது. காளி நாயர் என்பவர் துணிந்து அங்கே போய் அந்தத் தலையை மீட்டு வந்தார் என்கிறது கதைப்பாடல். வில்லில் அந்தப் பாட்டை நல்ல குரலில் கேட்டுவிட்டால் அலறல் சத்தம் ஒட்ட வேண்டிய தேவையே உங்களுக்கு இருக்காது.

ஆரல்வாய்மொழியும் போர்க்களம்தான். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது முதன்மை அமைச்சராக இருந்த வேலுத்தம்பியின் படை பிரிட்டிஷ்காரர்களைத் தடுக்க நின்றது அந்தக் கணவாயில். காற்றாலைகளை வீடியோ எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதே ஊரின் காற்றாடி மலையில்தான் 1752இல் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவரானவர். 2022 மே மாதம் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது இங்கே எத்தனை ஊர்களில் மணி அடித்தது தெரியுமா?

ஆகவே வாருங்கள், பகலில் வாருங்கள். காலையில் உதயகிரிக் கோட்டை, அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, வெயில் தாழ்ந்ததும் குளச்சல் வெற்றித்தூண் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஜூலை 31 ஒட்டி வந்தால், குளச்சல் வெற்றியை ராணுவத்தினர் நினைவுகூர்வதையும் பார்க்கலாம். இரவுதான் வேண்டும் என்றால் கொடை நடக்கிற ஊருக்கு வாருங்கள். நள்ளிரவில் நடக்கிற சாமக்கொடை வரைக்கும் பாய் போட்டு உட்காரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். வில்லுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு கேமராவை வையுங்கள்.

அப்புறம், கல்லறை மேல் உட்கார்ந்த வீடியோவையும் குளச்சல் கரையில் செத்தவர்களைக் கூப்பிடுகிற வீடியோக்களையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். கீழே பின்னூட்டம் போட்டவர்களில் பாதிப்பேர் அந்தக் கல்லறை எங்கே இருக்கிறது, எப்படி உள்ளே போவது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்க்கும் ஒரு குமரி மாவட்டத்துக்காரன்